மரத்துக்கு வெளிச்சம், மனிதருக்குக் காவல்

பகல் முழுக்க நிழல் தந்து நிற்கும் வேப்ப மரத்தை ராத்திரியில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கீழேயிருந்து ஒரு போகஸ் லைட்டைப் போட்டுப் பாருங்கள், தினமும் பார்க்கிற மரம்தானா இது என்று கேட்கத் தோன்றும். கல்யாண மண்டபம், ஓட்டல், ஆஸ்பத்திரி, கொஞ்சம் பெரிய வீடு என்று இப்போது எல்லா இடத்திலும் தோட்டத்து மரங்களுக்கு விளக்குப் போடச் சொல்கிறார்கள். டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம்மில் பலருக்குக் கிடைக்கப் போகிற சின்னச் சின்ன வேலைகளில் இதுவும் ஒன்று.

"இதுல என்னப்பா இருக்கு? அம்பது வாட் லைட் ஒண்ணு வாங்கி மரத்தடியில நட்டுட்டா முடிஞ்சுது" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி நட்ட விளக்குகளில் பாதி, மரத்தை விட்டுவிட்டு வருகிறவர் கண்ணைத்தான் கூச வைக்கின்றன. மீதியில் சில, ஈர மண்ணில் வெறுங்காலோடு தண்ணீர் விடுகிற தோட்டக்காரருக்கு எமனாகக் காத்திருக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சொல்லப் போகிறேன். விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது முதல் பாதி. அதை ஆபத்தில்லாமல் எப்படி மாட்டுவது என்பது இரண்டாம் பாதி. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான்.

1. கடைக்குப் போகும் முன் மரத்தைப் பாருங்கள்

எல்லா மரத்துக்கும் ஒரே லைட் சரிப்படாது. தென்னை ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் மட்டும் மட்டை விரிக்கிற மரம். அதற்குக் குறுகிய கோணமுள்ள விளக்கு, தண்டுக்குப் பக்கத்திலேயே, நேரே மேல் நோக்கி இருக்க வேண்டும். வேம்பு, புங்கம், மா எல்லாம் குடை மாதிரி விரிந்தவை. இவற்றுக்கு அகன்ற கோணம் வேண்டும், விளக்கும் ஒன்றுக்கு மேல் வேண்டும். ஆல மரத்துக்கு விழுதுதான் அழகு. விழுதை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் ஒளி விட்டால் ஒவ்வொரு விழுதும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மருத மரத்துக்கும் கொய்யாவுக்கும் பட்டை வழவழப்பு, அடிமரத்துக்கு வெளிச்சம் கொடுத்தாலே போதும். பாதாம் மரம் அடுக்கடுக்காகக் கிளை விடுவதால், கீழிருந்து வரும் ஒளி ஒவ்வொரு தட்டையும் பிரித்துக் காட்டும்.

இலை உதிர்க்கிற மரமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொட்டையாக நிற்கும் மாதத்தில் ஒளி தங்குவதற்கு இலை இல்லாமல் நேரே வானத்துக்குப் போய்விடும்.

2. கோணக் கணக்கு

விளக்குப் பெட்டியில் 15 டிகிரி, 24 டிகிரி, 36 டிகிரி, 60 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அதுதான் ஒளிக்கற்றையின் கோணம். நடுவில் இருக்கும் செறிவு பாதியாகக் குறையும் இடம் வரைக்கும் எடுத்த அளவு அது. வெளியே மங்கலாக இன்னும் கொஞ்சம் பரவும்.

எவ்வளவு அகலம் விழும் என்பதற்கு முதலாண்டுக் கணக்கே போதும். கோணத்தில் பாதியை எடுத்து, அதன் டேன்ஜென்டைத் தூரத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 6 மீட்டர் தூரத்துக்கு நான் போட்டு வைத்த கணக்கு இது:

15 டிகிரி: சுமார் 1.6 மீட்டர்
24 டிகிரி: சுமார் 2.6 மீட்டர்
36 டிகிரி: சுமார் 3.9 மீட்டர்
60 டிகிரி: சுமார் 6.9 மீட்டர்

தென்னங்கொண்டைக்கு 60 டிகிரி விளக்கு வாங்கினால் பெரும்பகுதி வெளிச்சம் ஆகாயத்துக்குத்தான் போகும். ஆறு மீட்டர் விரிந்த வேம்புக்கு 15 டிகிரி வாங்கினால் மரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரியும். அந்த வேம்புக்கு 36 டிகிரியில் இரண்டு வைத்தால் குடை முழுவதும் நிறையும்.

3. வாட்டைக் கேட்காதீர்கள்

"எத்தனை வாட்?" என்றுதான் கடையில் முதலில் கேட்கிறோம். வாட் என்பது விளக்கு தின்கிற மின்சாரம். அது தருகிற மொத்த ஒளி லூமன். ஒரு திசையில் போகும் செறிவு கேண்டெலா. மரத்துக்கு விளக்குப் போடுகிறவனுக்கு வேண்டியது இந்தக் கேண்டெலாதான். ஒரே அளவு லூமனை 36 டிகிரியில் விடாமல் 15 டிகிரிக்குள் அடக்கினால், செறிவு ஐந்து மடங்குக்கு மேல் கூடும். அதனால்தான் வாட் குறைந்த குறுகிய விளக்கு சில சமயம் வாட் கூடிய அகல விளக்கை ஜெயித்துவிடுகிறது.

இல்யூமினேஷன் பாடத்தில் படித்த இன்வெர்ஸ் ஸ்கொயர் லா இங்கேதான் உதவும். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். 3000 கேண்டெலா விளக்கு ஒன்று 3 மீட்டரில் 333 லக்ஸ் தரும். 6 மீட்டரில் 83 தான். 9 மீட்டரில் வெறும் 37. சுற்றிலும் இருட்டாக இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் இலை மேல் 30 முதல் 50 லக்ஸ் விழுந்தாலே மரம் நன்றாகத் தெரியும். தெருவிளக்குப் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

பழைய தோட்டங்களில் பார் 38, எம்.ஆர். 16 என்று ஹாலஜன் விளக்குகள் இருக்கும். அந்த எண்ணை எட்டால் வகுத்தால் விளக்கின் முகப்பு விட்டம் அங்குலத்தில் வந்துவிடும். எம்.ஆர். 16 என்றால் 2 அங்குலம், பார் 38 என்றால் நாலே முக்கால் அங்குலம். 50 வாட் எம்.ஆர். 16 ஹாலஜன் செய்த வேலையை இன்று ஆறேழு வாட் எல்.இ.டி. செய்கிறது. இதற்கெல்லாம் அடிப்படையான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நிறத்தையும் பாருங்கள். 2700, 3000 கெல்வின் என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. பட்டைக்கும், சிவப்பு, மஞ்சள் பூவுக்கும் பொருத்தம். பச்சை இலை பளிச்சென்று தெரிய 4000 கெல்வின் போதும். 6500 கெல்வினில் அடிமரம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப் போகும், பூச்சியும் அதிகம் மொய்க்கும். ஒரே மரத்துக்கு இரண்டு நிறம் கலக்க வேண்டாம்.

4. எங்கே வைப்பது?

நேர் முன்னால் ஒரே விளக்கு வைத்தால் மரம் அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி தட்டையாகத் தெரியும். இடமும் வலமுமாக இரண்டு வைத்து, ஒன்றைக் கொஞ்சம் மங்கலாக விட்டால் நிழல் விழும், மரத்துக்கு உருண்டை வடிவம் வரும். சுற்றி வந்து பார்க்கும் மரம் என்றால் மூன்று பக்கமும் வேண்டும்.

அடுத்தது கண் கூச்சம். மனிதர்கள் எங்கே உட்காருவார்கள், எந்தப் பக்கமிருந்து நடந்து வருவார்கள் என்று பார்த்து, விளக்கின் முகம் அந்தப் பக்கம் திரும்பாமல் வையுங்கள். மேலே தொப்பி மாதிரி ஒரு மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலையும் மறக்காதீர்கள்.

குழி தோண்டும் முன் ஒரு ராத்திரி ட்ரையல் பாருங்கள். ஆர்.சி.சி.பி. உள்ள பாயிண்டிலிருந்து ஒரு வயர் இழுத்து, விளக்கைக் கையில் பிடித்து அங்கே இங்கே நகர்த்தி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். மண் காய்ந்திருக்கும் நாளில், காலில் செருப்போடு செய்யுங்கள். ஒரு மணி நேர வேலைதான். பிறகு "அந்தப் பக்கம் மாத்துங்க தம்பி" என்ற பேச்சே வராது.

5. ஈர மண்ணும் மின்சாரமும்

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுக்குள் விளக்கு கூரையில் தொங்குகிறது, யார் கையும் படுவதில்லை. தோட்டத்து விளக்கோ தரையில் இருக்கிறது. குழந்தை தொடும், நாய் உரசும், தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயோடு தாண்டுவார். எல்லாருக்கும் காலுக்குக் கீழே ஈர மண்.

ஈரத்தில் நிற்கும் மனித உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக இது தாராளமாகப் போதும். அந்த நேரத்தில் 6 ஆம்பியர் எம்.சி.பி. என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 0.23 ஆம்பியர் என்பது அதற்கு 53 வாட் பல்பு ஒன்று கூடுதலாக எரிகிற கணக்கு, அவ்வளவுதான். எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வேறு ஒன்று வேண்டும்.

"எர்த் இருக்கே!" என்பார்கள். சரி, அதையும் கணக்குப் போடுவோம். கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். விளக்கின் உலோக உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர் ஓடும். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது இரண்டு மடங்குகூட இல்லை. உடனே விழாது, நிமிஷக் கணக்கில் ஆகலாம். அதுவரை விளக்கின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும்.

இங்கேதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வருகிறது. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அதற்கான தரம். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து இருந்தால் பழுதான அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே, லைன் போய்விடும். எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால் ஒருவர் தொட்ட பிறகுதான் அது விழும். அதனால் இரண்டும் வேண்டும். ஆனால் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

6. பன்னிரண்டு வோல்ட் வழி

வீட்டுத் தோட்டத்துக்கு என்னைக் கேட்டால் 12 வோல்ட் விளக்கையே சொல்வேன். அதே 1000 ஓம் உடம்பில் இது 12 மில்லி ஆம்பியர்தான். ஒரு நிபந்தனை உண்டு. மின்மாற்றி, இரண்டு சுருளும் தனித்தனியாகப் பிரிந்த பாதுகாப்பு மின்மாற்றியாக இருக்க வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வைத்து 12 வோல்ட் எடுத்தால், பழுதாகும்போது 230 வோல்ட் நேரே தோட்டத்துக்கு வந்துவிடும்.

12 வோல்ட்டுக்கு ஒரு தலைவலியும் இருக்கிறது, அது வோல்டேஜ் டிராப். 5 வாட் விளக்கு ஆறு, மொத்தம் 30 வாட், அதாவது 2.5 ஆம்பியர். தூரம் 30 மீட்டர், போக வர 60 மீட்டர். 1.5 சதுர மி.மீ. தாமிர வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். ஆக 0.72 ஓம், விழும் வோல்டேஜ் 1.8. பன்னிரண்டில் 15 சதவீதம் வழியிலேயே போய்விடுகிறது, கடைசி விளக்கு மங்கும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.7 வோல்ட்டுக்கு இறங்கும். இதே 30 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்துப் போனால் 0.1 வோல்ட்கூட விழாது. அதனால் பெரிய வளாகத்துக்கு ஆர்மர்டு கேபிளில் 230 வோல்ட், சின்னத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மின்மாற்றி வைத்து 12 வோல்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

7. தண்ணீர் புகாத விளக்கு எது?

ஐ.பி. என்று இரண்டு இலக்க எண் போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். தரைக்கு மேல் நிற்கும் விளக்குக்கு இது போதும். 67 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம் மூழ்கினாலும் தாங்கும். தரையில் புதைக்கும் விளக்குக்கு இது கட்டாயம். ஒரு சூட்சுமம் சொல்கிறேன். 67 என்று மட்டும் இருந்தால் பீய்ச்சும் சோதனையிலும் பாஸ் என்று அர்த்தமில்லை. 65, 67 இரண்டும் சேர்த்து அச்சிட்டிருந்தால்தான் இரண்டுக்கும் ஆகும்.

புதைக்கும் விளக்குக்குக் கீழே ஒரு அடி ஆழத்துக்கு ஜல்லி போட்டு, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். ஆணி மாதிரி மண்ணில் குத்தும் விளக்கு ஐப்பசி மழையில் சாய்ந்துவிடும், சின்னக் காங்கிரீட் கட்டையில் போல்ட் போட்டு நிறுத்துவதே நல்லது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று சாதாரண அலுமினியத்தை அரித்துவிடும், பித்தளையோ நல்ல எவர்சில்வரோ வாங்கச் சொல்லுங்கள்.

என்னதான் விலை கொடுத்து வாங்கினாலும் தண்ணீர் பெரும்பாலும் விளக்கு வழியாக வருவதில்லை, ஜாயிண்ட் வழியாகத்தான் வருகிறது. மண்ணுக்குள் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஜாயிண்டை எல்லாம் தரைக்கு மேலே, கிளாண்டு பொருத்திய பெட்டிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கேபிள் அளவுக்கு ஏற்ற கிளாண்டு வேண்டும், தளர்வாக இருந்தால் தண்ணீர் மட்டுமா, எறும்பும் பல்லியும் குடித்தனம் வரும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், வழிகிற நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கேபிளைச் சுமார் முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் போட்டு, மேலே மறுபடி மணல், அதன் மேல் செங்கல் அடுக்கி மூடுங்கள். நாளை ஒருவர் கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டுப்பட வேண்டும்.

8. "மழை வந்தா டிரிப் ஆகுதுங்க!"

வேலை முடித்துக் கொடுத்த பிறகு வரும் முதல் புகார் இதுதான். இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேர் லைன் கொடுப்பது. நான் பார்த்த ஒரு தோட்டத்தில் அப்படித்தான் ஒரு துண்டு வயர் போட்டு பைபாஸ் செய்திருந்தார்கள். விளக்கு எல்லாம் ஜோராக எரிந்தது. அந்த விளக்குகளுக்கு நடுவில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டிரிப் ஆவது நோயின் அறிகுறி, எங்கோ ஈரம் வழியாகக் கரண்ட் மண்ணுக்குப் போகிறது என்று அது சொல்கிறது. சொல்கிறவன் வாயை அடைத்தால் நோய் தீருமா?

முறையான வழி இது. எல்லா விளக்கையும் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு கேபிளிலோ ஜாயிண்டிலோ இருக்கிறது. நின்றால் ஒவ்வொரு விளக்காகச் சேர்த்து வாருங்கள், எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. தோட்டத்து நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு யாராவது சேர்த்திருந்தாலும் காரணமில்லாமல் விழுகிற மாதிரி தெரியும், அதையும் பாருங்கள். தோட்டத்துக்கென்று தனி ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டால், அது விழும்போது வீடு இருண்டுபோகாது. வீடு இருளாவதால்தான் மக்கள் கோபப்பட்டு பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள்.

9. மரத்துக்கும் உயிர் உண்டு

விளக்கைத் தண்டில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். வயரை மரத்தில் இறுக்கிக் கட்டினால், வேம்பு, மா போன்ற மரங்கள் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் புதைந்து உணவு போகும் வழியை நெரித்துவிடும். தென்னை அப்படிப் பருக்காது, ஆனால் அதன் தண்டில் விழுந்த காயம் ஆயுசுக்கும் ஆறாது. வேருக்கு நடுவே குழி எடுக்கும்போது கடப்பாரையை மெதுவாகப் போடுங்கள். பெரிய வேர் வந்தால் வெட்டாமல் கேபிளை அதன் அடியில் நுழைத்துக்கொண்டு போங்கள்.

ராத்திரி முழுக்க எரிய விடவும் வேண்டாம். செவ்வந்தி சாகுபடியில் பூப்பதைத் தள்ளிப்போட ராத்திரியில் விளக்கு எரிக்கிறார்கள். செடிக்கு இருட்டின் கணக்குத் தெரியும் என்பதற்கு இது ஒன்றே சாட்சி. கிளையில் தூங்கும் பறவைக்கும், இருட்டை நம்பிப் பறக்கும் மின்மினிக்கும் அதே கதிதான். ஒரு டைமர் போட்டுப் பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், கரண்ட் பில்லும் குறையும்.

10. ஒப்படைக்கும் முன்

நண்பர்களே, வயரிங் வேலை லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். கடைசிச் சோதனைகளை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அ. விளக்கையும் எல்.இ.டி. டிரைவரையும் பிரித்துவிட்டு, 230 வோல்ட் கேபிளை 500 வோல்ட் மெகரில் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது.
ஆ. ஒவ்வொரு உலோக விளக்கிலிருந்தும் எர்த் வரை தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். எர்த்தின் தடையையும் அளந்து எழுதி வையுங்கள்.
இ. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.
ஈ. தண்ணீர்க் குழாயை எடுத்து எல்லா விளக்கின் மேலும் நன்றாகப் பீய்ச்சிவிட்டு, யாரையும் கிட்டே விடாமல், தள்ளி நின்று ஸ்விட்சைப் போடுங்கள். மழைக்காலத்தில் வரப்போகும் கோளாறு பல நேரம் அன்றைக்கே தெரிந்துவிடும்.
உ. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லி, தோட்டக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொடுங்கள்.

இந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. விளக்கு போடச் சொன்னவர் மாடியில் நின்று அழகு பார்ப்பார். அந்த விளக்குகளுக்கு நடுவே தினமும் நடப்பவர் தோட்டக்காரர்தான். ஆர்.சி.சி.பி. எதற்காக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டால், "பைபாஸ் பண்ணிடலாம்" என்று நாளை யாராவது வந்து சொல்லும்போது முதலில் தடுப்பவரும் அவராகவே இருப்பார்.